எட்டு மணிக்கு அழுகிறவர்கள்

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அதுக்கு மேல என்னால அவங்களைத் தடுக்க முடியாது" என்றான் அண்ணன். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

அடுப்படியில் அண்ணி பாத்திரங்களைச் சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சத்தமில்லாமல் வேலை செய்கிறாள் என்றால் காது கூடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"என் பொண்ணுண்ணா. நான் பெத்தது" என்றாள் தங்கை.

"யாரு இல்லேன்னா? பெரியவங்க எல்லாம் உக்காந்து பேசினப்ப நீயும்தானே இருந்தே? தனியா வீடுன்னு ஒண்ணு பாத்துக்கிட்டா புள்ள உன்கிட்ட. இல்லேன்னா அப்பன் வீட்டுல. அதானே பேச்சு?"

அதுதான் பேச்சு. ஏழு மாதத்துக்கு முன்னால் இடது மணிக்கட்டில் கட்டோடும் ஆறு வயதுச் சிட்டுவோடும் அவள் இந்தப் பெருநகரத்தில் வந்து இறங்கினாள். அந்த மணிக்கட்டு எப்படி உடைந்தது என்று பெரியவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெண் குழந்தை மாமன் வீட்டுக் கூடத்தில் படுத்து வளரலாமா என்பதைத்தான் மணிக்கணக்காகப் பேசினார்கள். கையை உடைத்தவனுக்குச் சொந்த வீடு இருந்தது, அதனால் அவன் பெரிய மனுஷன். உடைந்த கைக்காரிக்கு ஒண்ட இடமில்லை, அதனால் அவள் குற்றவாளி. நியாயம் பேசக் கூடுகிற இடத்தில் செருப்பை மட்டுமா வாசலில் விடுகிறார்கள்!

"கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள்.

"போ. அங்கயும் முதல்ல எங்க குடியிருக்கேன்னுதான் கேப்பாங்க."

அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருக்கக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கூடத்து மூலையில் சிட்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள்.

சிட்டுவின் அம்மா செய்கிற வேலை குரல் கொடுப்பது. எட்டு மணிக்கு ஒரு தொடர் வருகிறதே, கணவனை விட்டு வந்த ஒருத்தி கைக்குழந்தையோடு பெருநகரத்தில் முதலிலிருந்து வாழத் தொடங்குகிறாளே, ஊரே உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறதே, அந்த நாயகிக்கு முகம் ஒருத்தியுடையது, குரல் இவளுடையது. நடித்தவளுக்கு மொழி தெரியாது. பக்கத்தில் ஒருவர் எடுத்துக் கொடுக்க உதட்டை அசைப்பாள், கண்ணீர் மட்டும் கேட்காமலே வரும். இவள் இருட்டறையில் காதில் ஹெட்போனோடு நின்று, திரையில் அசைகிற உதட்டுக்குச் சொல்லை ஒட்டவைக்க வேண்டும். ஒரு மூச்சு முந்தினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவு செய்கிற தம்பி கையைத் தூக்கிவிடுவான்.

கட்டுப்போட்ட கையோடு வாய்ப்புக் கேட்டுப் போன அன்று, "அழத் தெரியுமா?" என்று கேட்டார்கள். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள்.

தொடரிலும் இப்போது நாயகி வீடு தேடித்தான் அலைந்துகொண்டிருந்தாள். பகலெல்லாம் அவளுக்காக இவள் கெஞ்சுவாள். மாலையில் தனக்காகக் கெஞ்சுவாள். பதினேழு வீடு பார்த்தாயிற்று. எல்லாக் கதவும் ஒரே கேள்வியோடு திறந்து, பதிலைக் கேட்டதும் மூடிக்கொண்டது. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"உண்மையைச் சொல்லிட்டு ஊரெல்லாம் சுத்துறியேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார் வீட்டுத் தரகர். "கப்பல்ல வேலைன்னு சொல்லு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார்னு சொல்லு. நானும் அப்படியே சொல்லி வெச்சிருக்கேன். தலைக்கு மேல வெள்ளம் போகுது, இதுல பொய்யாவது மெய்யாவது!"

சனிக்கிழமை பதினெட்டாவது வீடு. அந்த வீட்டுக்காரம்மாவிடம் முதல் நாளே தொலைபேசியில் பேசியிருந்தாள். "உன் குரலைக் கேட்டதுமே மனசுக்கு ஒரு மாதிரி இதமா இருக்கும்மா. எங்க வீட்டுப் பொண்ணு பேசற மாதிரியே இருக்கு. வேற யாருக்கும் காட்ட மாட்டேன், நீ வந்து பாரு" என்றிருந்தாள் அந்த அம்மாள். பதினேழு வீட்டில் கேட்காத பேச்சு. அன்று தூக்கமே வரவில்லை அவளுக்கு.

மாடியில் ஒற்றை அறை. அடுப்பு வைக்க ஒரு மேடை, தண்ணீர்க் குழாய், தெருவைப் பார்த்த ஜன்னல். சிட்டு உள்ளே ஓடியதும் தரையில் நீட்டிப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டினாள். "அம்மா, நான் இங்க, நீ அங்க. கால் யாரு மேலயும் படாது!" மாமா வீட்டில் அவள் கால் யார் மேலாவது பட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து அலமாரியின் கீழ்த்தட்டைக் கையால் துடைத்தாள். "இது என் புத்தகப் பைக்கு."

வீட்டுக்காரம்மா வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். "பட்டுக்குஞ்சு மாதிரி இருக்காளே. ஏண்டி தங்கம், அப்பா கப்பல்லேர்ந்து எப்ப வருவாரு?"

சிட்டுவின் முகம் வெளுத்துப்போனது. ஓடி வந்து அம்மாவின் பின்னால் ஒளிந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா இங்க வருவாராம்மா? இந்த வீடு அவருக்குத் தெரியுமா?"

அதன் பிறகு எந்தக் கப்பல் மிதக்கும்?

அவள் குனிந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள். "பயப்படாதடா தங்கம், அம்மா இருக்கேன்ல." பிறகு நிமிர்ந்து, "கப்பல் எல்லாம் இல்லம்மா. பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. அடி தாங்க முடியாம நான்தான் வந்துட்டேன். குரல் கொடுக்கிற வேலை பாக்குறேன். நாங்க ரெண்டு பேர்தான். நாளைக்குள்ள வீடு கிடைக்கலேன்னா இவளை அவர் வீட்டு ஆளுங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரம்மாவின் கண்கள் அகன்றன. ஆனால் அவள் கேட்டது வேறு.

"இரு இரு. குழந்தைகிட்ட சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"எதம்மா?"

"பயப்படாதடா தங்கம்னு. எட்டு மணி நாடகத்துல அவ சொல்றது! அடியே, நீயா? நீயா அவ?"

அவள் தலையசைத்தாள். அந்த வாக்கியமே அவளுடையதுதான். எழுதிக் கொடுத்த சொல் உதட்டுக்கு ஒட்டாத ஒரு நாளில், வீட்டில் சிட்டுவிடம் சொல்வதை எடுத்து வைத்தாள், ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நடந்த அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனாள். "ஏ புள்ள, ஓடி வா, யாரு வந்திருக்கான்னு பாரு!" என்று மருமகளைக் கூப்பிட்டாள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, "மழையில நின்னு அழுவாளே, அதைச் சொல்லு" என்றாள். அவளும் சொன்னாள். வீடு வேண்டுமே! குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல், வீட்டுக்காரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கேட்கக் கேட்க அழுதாள். முந்தானை நனைந்தது. கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தாள்.

"மாடி அறை..." என்று மெல்ல ஆரம்பித்தாள் அவள்.

வீட்டுக்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. ஆம்பளத் துணை இல்லாம குடிவெச்சா தெருவுல நாலு பேர் என்ன பேசுவாங்க? நாளைக்கு அந்த ஆளு வாசல்ல வந்து நின்னு கத்தினா எங்க மானம் என்ன ஆகும்? எங்க வீட்டுலயும் மருமக இருக்கா பாரு."

அந்த நாலு பேர்! யார் கண்ணிலும் படாத அந்த நாலு பேருக்கு மட்டும் எல்லாத் தெருவிலும் எப்படியோ வீடு கிடைத்துவிடுகிறது.

அவள் எழுந்தாள். குழந்தையின் கையைப் பிடித்தாள். வாசல்வரை வந்த வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அந்தப் பொண்ணுக்கு வீடு கிடைச்சுடுமா? நினைச்சா நெஞ்சே வெடிக்குதும்மா. பச்சப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு எத்தனை வாசப்படிதான் ஏறுவா?"

தொடரில் அடுத்து வருவதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் போனால்தான் தெரியும். ஆனாலும் சொன்னாள். நாயகியின் குரலிலேயே, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

"கிடைக்கலம்மா. நல்லாப் பேசி, உள்ள கூப்பிட்டு உக்காரவெச்சு, கடைசியில வீட்டுக்காரம்மா கொடுக்கல."

"அடிப்பாவி!" வீட்டுக்காரம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவ விளங்குவாளா? புள்ளையோட வந்து நிக்கிறவளை வெளிய அனுப்ப எப்படித்தான் மனசு வந்துச்சோ! அவளும் ஒரு பொம்பளையா? அவ வயித்துல பொறந்ததுங்க நல்லா இருக்குமா?"

பின்னால் நின்ற மருமகள் சட்டென்று குனிந்து தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமியாருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிட்டுவின் அப்பாவைப் பெற்றவர் வந்துவிட்டார். அண்ணன் கடைக்குப் போகிற வேலை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியே போனான். அவள் குழந்தையின் துணிகளைப் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி மடித்து வைத்தாள். எத்தனை தடவை மடித்தாலும் ஒரு பைக்கு மேல் வரவில்லை.

சிட்டு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "வீடு கிடைச்சதும் உடனே வந்துடுவேதானே?" என்று கேட்டாள்.

"உடனே வந்துடுவேன்."

"நான் பையைப் பிரிக்க மாட்டேம்மா. அப்படியே வெச்சிருக்கேன். நீ வந்தா லேட் ஆகக்கூடாதில்ல?"

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருமுனை திரும்புகிற வரை குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். நாயகி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். வீட்டுக்காரம்மாவாக நடிக்கிறவள் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டுகிறாள். நாயகி குழந்தையைத் தூக்கிச் சுற்றுகிறாள், சிரிக்கிறாள். சொல்ல வேண்டிய வரி: "நமக்கு வீடு கிடைச்சிடுச்சுடா தங்கம். இனிமே யாராலயும் நம்மளைப் பிரிக்க முடியாது."

முதல் தடவை வரி பாதியில் அறுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. உதடு சிரிக்கிறது, குரல் உடைகிறது, எப்படி ஒட்டும்?

"அக்கா, இது சந்தோஷமான காட்சி" என்றான் ஒலிப்பதிவு செய்கிற தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "கொஞ்சம் சிரிச்ச மாதிரி கொடுங்க. வேணும்னா தண்ணி குடிச்சிட்டு வாங்க."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். சிரித்தாள். இல்லாத குழந்தையை இருட்டில் தூக்கிச் சுற்றிக்கொண்டே, ஒரு மூச்சு பிசகாமல் அந்த வரியைச் சொன்னாள்.

"பிரமாதம்க்கா! உடம்பே சிலிர்த்துப்போச்சு" என்றான் தம்பி.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அது ஒளிபரப்பானது. அண்ணி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கூடம் தாராளமாக இருந்தது இப்போது. நாயகி கையில் சாவி விழுந்ததும், "அப்பாடா, இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றாள். விளம்பரம் தொடங்கியது.

குரல் கொடுத்தவளின் கைபேசி ஒலித்தது.

"கிடைச்சுடுச்சும்மா!" மாடி அறையின் வீட்டுக்காரம்மா. குரலில் அழுகையும் சிரிப்பும். "கிடைக்கலேன்னு சொல்லி ஏமாத்திட்டியேடி, கள்ளி! அஞ்சு நாளா எனக்குச் சோறே இறங்கல. அந்த அம்மா மனுஷியே இல்ல, தெய்வம்! ஒரு வார்த்தை கேக்காம சாவியைக் கொடுத்தா பாரு. உலகத்துல இப்படியும் நல்லவங்க இருக்காங்க!"

அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"அம்மா, அவளுக்குத்தான் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கல. கொடுக்காதது நீங்க. ஞாயித்துக்கிழமை என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க மாடி அறை இன்னும் காலியாத்தானே இருக்கு?"

சோப்பு விளம்பரப் பாட்டு கைபேசியிலும் கேட்டது, கூடத்திலும் கேட்டது. வீட்டுக்காரம்மா மூச்சை இழுத்தாள். ஏதோ சொல்லத்தான் போகிறாள். அவளும் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அறிவு கெட்ட மனசு, அந்த ஒரு நொடியில் பேருந்து ஏறிப் போய்க் குழந்தையின் பையைத் தூக்கிக்கொண்டு வந்துகூட விட்டது.

பாட்டு நின்றது.

"அப்புறம் பேசறேம்மா" என்றாள் வீட்டுக்காரம்மா அவசரமாக. "விளம்பரம் முடிஞ்சிடுச்சு."

கூடத்தில் அண்ணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.