முன்னறைத் தட்டு

அனார்கிரோஸுக்கு ஐம்பத்தைந்து வயது. துறைமுகத்துக்கு மேலே, வெள்ளையடித்த ஆறு அறைகளை வைத்துக்கொண்டு, கோடைக்காலத்தில் வரும் வெளியூராருக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தான். கப்பல் வரும் நாள்களில் முகம் மழித்து, கஞ்சி போட்ட சட்டை அணிந்து, மற்றவர்களுக்கு முன்பாகவே துறைமேடையின் முனையில் போய் நிற்பது அவனுடைய வழக்கம். இறங்குவோர் ஒவ்வொருவரும், இத்தனை சிறிய தீவில் பொழுதைக் கழிப்பது எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவனைப் போல அவன் தொடங்குவான்.

“இங்கே காரே கிடையாது, காது நிம்மதியா இருக்கும். கழுத்தளவு தண்ணியில நின்னா கால்விரல எண்ணலாம். காலையில மாட்டின மீன் மத்தியானம் உங்க தட்டுல இருக்கும். எல்லாத்துக்கும் மேல, இந்த ஊர்ல வீட்டப் பூட்டுற பழக்கமே இல்ல. மேல கடைசி வீட்டுக்குப் போயி ‘கலிஸ்பெரா’ன்னு ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்க. எங்க அண்ணி உங்கள வெறும் வாயோட அனுப்ப மாட்டாங்க.”

அந்தக் கடைசி வீடு, இறந்துபோன அவன் தமையன் ஸ்த்ராதிஸின் வீடு. அங்கே அண்ணி எவாந்தியா தனியாக இருந்தாள். நான்கு கோடைகளுக்கு முன்னர், வழி தவறிய தம்பதியர் இருவரை அவன் அங்கே அனுப்பிவைத்தான். அவள் அவர்களை முன்னறையில் அமர்த்தி, பின்னல் துணி விரித்த தட்டில், பாகில் காய்ச்சிய புளிப்புச் செர்ரியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, குளிர்ந்த நீரும் காப்பியும் கொடுத்தாள். ஊர் திரும்பிய பின்னும் அவர்கள் அதை மறக்கவில்லை. மறு ஆண்டு நண்பர்களோடு வந்தார்கள். அன்று முதல் கடலும் மீனும் பின்னுக்குப் போய், அண்ணியின் தட்டே அவன் தீவைப் புகழும் பேச்சில் முதன்மையானது ஆயிற்று.

வாசலில் வந்து வணக்கம் சொல்லும் அந்நியனுக்குத் தட்டு எடுத்துவராத வீடு அத்தீவில் இல்லை. அதற்குக் காசு வாங்கும் வீடும் இல்லை. உறவினருக்கு மட்டும் தட்டு கிடையாது. அவர்கள் கொல்லைப்புறமாக அடுக்களைக்குள் நுழைந்து, சட்டியில் இருப்பதைத் தாங்களே எடுத்து உண்பார்கள். அனார்கிரோஸ் முப்பது ஆண்டுகளாக அண்ணியின் அடுக்களையில் அப்படித்தான் உண்டுவந்தான்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், காப்பிக்கடை யோர்தானிஸ் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“ஏண்டா, என் கடையில உக்கார வேண்டிய கூட்டமெல்லாம் உங்க அண்ணி வீட்டுக்கு ஏறிப் போவுது. பேசாம அங்க ஒரு பலகை மாட்டிடு. சம்பளமில்லாத சமையக்காரி, கல்லாவுல கொழுந்தன்!”

“போடா பொறாமை புடிச்சவனே. தனியா கெடக்குறாங்க. நாலு முகத்தப் பாத்தா அவங்களுக்குச் சந்தோஷந்தானே.”

“அவங்க சொன்னாங்களா?”

“இதையெல்லாம் சொல்லணுமா என்ன?”

யோர்தானிஸ் மேசையைத் துடைக்கத் திரும்பினான். அனார்கிரோஸ் அவன் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை. அவன் அன்று மகிழ்ச்சியில் இருந்தான். ஏதென்ஸ் நகரத்துச் சுற்றுலா நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் பேசியிருந்தார். செப்டம்பர் முழுவதும் ஆறு அறைகளையும் எடுத்துக்கொள்வார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: வாரந்தோறும் வரும் குழுவுக்குத் தீவுக்குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு மாலைப்பொழுது வேண்டும். அவன் தயங்காமல் ஒப்புக்கொண்டான். அண்ணியிடம் சொல்லிக்கொள்ளலாம், அவள் மறுக்கமாட்டாள் என்பது அவன் எண்ணம்.

அன்று மாலை, அதைச் சொல்வதற்காகவே, தன் வாடகை அறை ஒன்றில் தங்கியிருந்த ஒல்லாந்துத் தம்பதியரையும் அழைத்துக்கொண்டு அவன் படியேறினான். பாதி வழியிலேயே வானொலிப் பாட்டு காதில் விழுந்தது. வாசலை அடைந்து, “கலிஸ்பெரா!” என்று மூவரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பாட்டு சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. வெயில் தாழ்ந்த அந்த நேரத்திலும் சன்னல்கள் யாவும் சாத்தியிருந்தன.

“வீட்டுல யாரும் இல்லையோ?” என்றாள் ஒல்லாந்துப் பெண்.

“இருப்பாங்க, இருப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே, அனார்கிரோஸ் சன்னற்பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தான்.

உள்ளே, இருட்டில், சுவரோடு ஒட்டித் தரையில் எவாந்தியா அமர்ந்திருந்தாள். காலடி ஓசை கேட்டுவிடக்கூடாதென்று செருப்புகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். அவள் நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன. அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவனுக்கு முகம் காதுவரை எரிந்தது. வீட்டில் இருந்துகொண்டே இல்லாதது போல் நடிப்பதைவிடப் பெரிய இழிவு அத்தீவில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அதை அவளைச் செய்யவைத்தவன் யார் என்று அவன் பிறரைக் கேட்கவேண்டியதில்லை.

“பக்கத்து ஊருக்குப் போயிட்டாங்க போல. நீங்க கடற்கரைக்குப் போங்க, இப்ப தண்ணி நல்லா இருக்கும்” என்று பொய் சொல்லி அவர்களை அனுப்பினான். பிறகு கொல்லைப்புறம் சென்றான். அடுக்களைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டுவதற்குக் கை எழவில்லை. திரும்பி முன்வாசலுக்கு வந்தபோது, கதவு திறந்திருந்தது.

“வாங்க. உக்காருங்க” என்றாள் எவாந்தியா.

இத்தனை ஆண்டுகளில் அவள் அவனை ‘நீ’ என்றல்லாமல் அழைத்ததில்லை. அவன் தமையனின் படத்துக்குக் கீழே, விருந்தினர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தான். அவள் உள்ளே சென்று, பின்னல் துணி விரித்த தட்டோடு வந்தாள். கிண்ணத்தில் செர்ரி, சிறு கரண்டி, குளிர்ந்த நீர், எதுவும் குறையவில்லை.

“என்ன அண்ணி இது? நான் அடுக்களைக்கே வர்றேன்.”

“விருந்தாளிங்களுக்கு முன்னறைதான்.”

“நான் விருந்தாளியா?”

“விருந்தாளிங்களக் கூட்டிட்டு வர்றவரும் விருந்தாளிதானே?”

அவன் கரண்டியைத் தொடவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னான்னு சொல்ல? ஸ்த்ராதிஸ் வீட்டுல கதவு தெறக்கலன்னு ஊர் பேசணுமா? வாசல்ல நிக்கிறவனப் போடான்னு சொல்ல எனக்கு வாய் வராது. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே அனுப்பின?”

‘நீங்க’ மறைந்து ‘நீ’ வந்துவிட்டதை அவன் கவனித்தான். ஆனால் அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

“நேத்து ஒருத்தி படுக்கையறைக்கே போயிட்டா” என்று அவள் தொடர்ந்தாள். “உங்க அண்ணன் சட்டை ஆணியில தொங்குதில்ல? அதப் போட்டோ எடுத்தா. ரொம்ப அழகுன்னா. நான் அந்நேரம் அவளுக்குக் காப்பி கலந்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு என்னால முடியல, ஒளிஞ்சுக்கிட்டேன். என் வீட்டுலயே திருடி மாதிரி. அடுத்த கப்பல்ல பிரேயஸுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கோடை முடிஞ்சு வர்றேன்.”

“அண்ணி...”

“உன் பொழப்பக் கெடுக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன். நான் இல்லாட்டி, ஆளு ஊர்ல இல்லன்னு நீயும் சொல்லிக்கலாம்.”

அவள் அவனுக்காக யோசித்துவைத்திருந்த சாக்கைத்தான் அவன் சற்று முன்னர் வாசலில் சொல்லியிருந்தான். செர்ரி ஒன்றை எடுத்து வாயில் இட்டான். அதை உண்டவன் ‘உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும்’ என்று வாழ்த்தவேண்டியது முறை. வாழ்த்துக்குப் பதிலாக உண்மைதான் வந்தது.

“அண்ணி, செப்டம்பர்ல வாரா வாரம் ஒரு கூட்டம் வர்றதா இருக்கு. ஒரு சாயங்காலம் இங்கதான்னு வாக்குக் குடுத்துட்டேன். உங்களக் கேக்கல.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் கண் தன்னையறியாமல் அலமாரியிலிருந்த கண்ணாடிக் கிண்ணங்களின் பக்கம் போயிற்று.

“எத்தன பேரு?” என்று கேட்டாள்.

கேட்ட பின்னரே தான் கேட்டது இன்னதென்று அவளுக்கு விளங்கியது போலும். தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அனார்கிரோஸ் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் தரையைப் பார்த்தான்.

“யாரும் இல்ல அண்ணி” என்றான் மெதுவாக. “இப்பவே கீழ போயி, வீடு கிடையாதுன்னு போன் பண்ணிடுறேன். அவங்க வராட்டி அறை காலியாவே கெடக்கட்டும். துறையிலயும் இனிமே இந்த வீட்டப் பத்தி யார்கிட்டயும் பேசமாட்டேன். பிரேயஸுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம்.”