கைகட்டு நேரம்

டீம் தலைவர் நரசிம்மன் சாரின் டெமோ ஒருமுறைகூடச் சொதப்பியதில்லை. ஏன் சொதப்பவில்லை என்பது ரெபேக்காளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்ன பாவத்துக்குத்தான் இன்றைய டெமோ நடக்கும் மாமல்லபுரம் ரிசார்ட் ஹாலில் அவளுக்குக் கடைசி வரிசை கிடைத்தது.

கம்பெனி விற்பது ஒரு மாயவித்தை. ஒரு சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியை, விஎம் என்பார்கள், அப்படியே உறைய வைத்து, தூக்கிக்கொண்டுபோய் வேறு சர்வரில் எழுப்பிவிடுவது. இடம் மாறியதே அதற்குத் தெரியாது. அந்த விஎம்முக்குள் இன்டரப்ட் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. வெளியே யார் கூப்பிட்டாலும் குறித்துவைத்து, ப்ராசஸரைத் தட்டி, உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்வது அதன் வேலை. உறைய வைக்கும்போது எல்லாவற்றையும் மூட்டை கட்டும் நம் ஆட்கள், அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். விஎம் எழும், கடிகாரம் ஓடும், விளக்கெல்லாம் பச்சையாக எரியும். ஆனால் உறைந்த நொடியில் கூப்பிட்டவன் கதி அதோகதிதான். கூப்பிட்ட கருவியோ, ஏற்கெனவே கூப்பிட்டாயிற்றே என்று பதிலுக்குக் காத்திருக்கும். மறுபடி வாயைத் திறக்காது.

சோதனையில் இது மாட்டாததற்குக் காரணம் சாரின் சம்பிரதாயம். விஎம்மை இடம் மாற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன், "எல்லாரும் கைகட்டுங்க" என்பார். டீமே கீபோர்டை விட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். யாருமே கூப்பிடாத நேரத்தில் எந்தக் கூப்பாடு தொலையப்போகிறது? ரெபேக்காள் எழுதிய திருத்தம் மூன்று வாரமாக அவர் பார்வைக்காகத் தவம் கிடந்தது. "ஓடற வண்டிய எதுக்கும்மா பிரிக்கறே?" என்பார்.

இதுவரை அவளுக்கு வந்தது வெறும் எரிச்சல்தான். இந்த முறை பயமே வந்துவிட்டது. வாங்க வந்திருப்பது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்று. படுக்கையில் நோயாளி அழுத்தும் மணி இனி இந்த விஎம் வழியாகத்தான் நர்ஸுக்குக் கேட்கும். அங்கே இருதய வார்டில் அவள் அப்பா ஆபிரகாம் படுத்திருக்கிறார். மூச்சுத் திணறினால்கூட மணியடிக்கக் கூச்சப்படுகிற மனிதர்.

"ஒருவாட்டி அமுக்கினா வரமாட்டாங்களா? சும்மா அமுக்கிகினு இருந்தா அவங்களுக்கும் பேஜாரு தானம்மா" என்று காலையில்தான் சொன்னார்.

ராகுகாலம் முடிந்ததும் டெமோ தொடங்கியது. மேசைமேல் ஒரு மாதிரி மணிப் பொத்தான். எதிரே ஆஸ்பத்திரியின் நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் ஹெலன். அவர் சரி என்றால்தான் விற்பனை.

"எல்லாரும் கைகட்டுங்க" என்றார் சார். ஹால் முழுக்கக் கைகட்டியது. ஹெலன் மட்டும் கட்டவில்லை. சார் விஎம்மை மாற்றும் நேரம் பார்த்து மணிப் பொத்தானை அமுக்கினார்.

திரை பச்சையானது. கைதட்டல் எழுந்தது.

"மணி அடிக்கலையே?" என்றார் ஹெலன். இன்னொரு தடவை அமுக்கினார். மூன்றாவது தடவையும் அமுக்கிப் பார்த்தார். ஹாலில் ஏசி இரைச்சல்தான் கேட்டது.

"மேடம், மாத்தற அந்த ரெண்டு செகண்ட்ல யாரும் தொடக்கூடாது" என்று சார் சிரித்தார். "பேஷன்ட்ஸுக்கு ஒரு போர்டு எழுதி வெச்சுடலாம். தமிழ்லயே."

ரெபேக்காள் எழுந்து நின்றாள். "எங்க அப்பா உங்க வார்டுலதான் இருக்காரு மேடம். மூச்சு முட்டுறவரு போர்டு படிச்சிகினா இருப்பாரு?"

சார் பதறிப்போனார். அதில் உண்மையான அக்கறையும் இருந்தது. "அடடா, அப்பாவா? முன்னாடியே சொல்லக்கூடாதா? மேடம், பழைய ஒயர் மணி இருக்கற வார்டுக்கு அவர மாத்திடலாமா?"

ஒரு கணம் ரெபேக்காளுக்கு அப்பாடா என்றிருந்தது. சரி சார் என்று சொல்ல வாயெடுத்தும்விட்டாள். அப்படி நினைத்ததற்காக அடுத்த கணமே வெட்கமாக இருந்தது.

"எங்க அப்பா எழுந்து போன பெட்டுல அப்புறம் யாரப் படுக்க வெப்பீங்க சார்?"

ஹெலன்தான் அவள் பக்கம் திரும்பினார். "இத சரிபண்ண முடியுமா, முடியாதாம்மா?"

"பண்ணியாச்சு மேடம். சார் பாத்து ஓகே சொல்லணும்."

"அப்போ பாக்கட்டும். நான் வெயிட் பண்றேன்" என்று ஹெலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் நரசிம்மன் சார் லேப்டாப்பைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இத்தனை பேர் பார்த்திருக்க, முதல் வரியிலிருந்து படித்தார். உறைய வைக்கும்போது நிலுவையில் இருக்கும் கூப்பாடுகளை எடுத்துவை. எழுப்புமுன் திருப்பி வை. டீ வருவதற்குள் படித்து முடித்துவிட்டார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான் சார்."