கம்பிக்குப் பின்னால் கம்பி

அந்த ஆய்வகத்தில் எல்லாரும் அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடியோ, பிசினோ, ஒளி புகும் தாளோ, எதைக் கையில் கொடுத்தாலும் தேய்த்து, இழைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் வளைய வைத்துவிடுவாள். டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது ஆய்வகம். கறுப்புத் துணி தொங்கும் ஒரு பெரிய அறை, கம்ப்யூட்டர் மேசைகள் நாலு, எப்போதும் கொஞ்சம் ரப்பர் வாசனை. ஐந்து வருடமாக அங்கே நடந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கண்ணில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் பார்த்தாலே படம் திரையை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தால் பொருளின் இந்தப் பக்கம் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம்.

இதில் லென்ஸக்காவுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. மற்ற எல்லாருக்கும் வெளியே வந்து நின்ற படம், அவளுக்கு மட்டும் வரவில்லை.

பிறக்கும்போதே அவளுக்கு மாறுகண். வெகு தாமதமாகத்தான் ஆபரேஷன் செய்தார்கள். கண்கள் நேராகிவிட்டன, ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருந்தது. ஒரு கண் பார்க்கும்போது மற்றது லீவு போட்டுவிடும். அதனால் அவளுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. தலையை லேசாக இப்படியும் அப்படியும் அசைப்பாள். எது எதை மறைக்கிறது, எது வேகமாக நகர்கிறது, எது மெல்ல நகர்கிறது என்று கவனித்து, எது பக்கத்தில் இருக்கிறது எது தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். சாலையைக் கடப்பாள், ஊசியில் நூல் கோப்பாள். டீ ஊற்றும்போது மட்டும் பிளாஸ்க்கின் வாயை டம்ளரில் முட்டவைத்துக்கொள்வாள். அவள் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு இதெல்லாம் தெரியும். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டேன், நன்றாக ஏமாந்துவிட்டேன் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திரை முதன்முதலாக ஒளிர்ந்த அன்று, பச்சைப் பந்து ஒன்று காற்றில் மிதந்ததாம். ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் ஓரடி பின்வாங்கினார். புரோகிராம் எழுதுகிற எறும்பு நாற்காலியோடு சாயப் பார்த்தான். ஒல்லியாக, ஒரு இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எல்லாரும் திரும்பி லென்ஸக்காவைப் பார்த்தார்கள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது திரையில் ஒட்டிய ஒரு பச்சை வட்டம். "அருமையா இருக்கு சார்" என்றாள். சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் வாய் கூசாமல் அருமை, பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அந்தக் கருவியின் அமைப்பு சுலபமானது. தீப்பெட்டி அளவுள்ள ப்ரொஜெக்டர்கள் நாற்பது, அரைவட்டமாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கோணத்துக்கான படத்தை வீசும். முன்னால் ஒரு மெல்லிய தாள், அந்த வெளிச்சத்தை எல்லாம் ஒழுங்குபடுத்திப் பார்க்கிறவர் கண்ணுக்கு அனுப்பும். அந்தத் தாள் லென்ஸக்காவின் கைவேலை. தன் கையால் செய்ததைத் தன்னாலேயே ரசிக்க முடியவில்லை என்ற வருத்தம் அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும் டாக்டரம்மா ஒருவர் கருவியைப் பார்க்க வந்தார். ஸ்கேன் எடுத்த இதயத்தைத் துண்டு துண்டாகத் தட்டைப் படங்களில் பார்த்து, அவற்றை மனதுக்குள் ஒட்டவைத்துத்தான் அவர் ஒவ்வொரு ஆபரேஷனையும் திட்டமிடுவார். தான் எப்போதோ குணப்படுத்திய ஒரு குழந்தையின் ஸ்கேனைக் கொண்டுவந்திருந்தார். எறும்பு அதைத் திரையில் ஏற்றியதும், "அடடா" என்று முன்னால் குனிந்தார். பேராசிரியருக்கு முகமெல்லாம் பல்.

அந்தப் பல் அதிக நேரம் நீடிக்கவில்லை. டாக்டரம்மா சும்மா உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை. எழுந்தார், சாய்ந்தார், குனிந்தார், இந்தப் பக்கம் வந்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"படம் அழகா இருக்கு. ஆனா நான் அசைஞ்சா இதுவும் துள்ளுது. துள்ளுற இடத்தை நம்பி என் கை போகாது."

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் துள்ளாது என்று எறும்பு பணிவாகச் சொல்லிப் பார்த்தான். ஆபரேஷன் மேசைக்கு முன்னால் சிலை மாதிரி நிற்கச் சொல்கிறாயா என்று டாக்டரம்மா கேட்டார். பேராசிரியர் தன் ஆட்களிடம் திரும்பினார். துள்ளல் ஒன்று இருப்பதை இங்கே யாராவது பார்த்ததுண்டா என்றார். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒழுங்காக வேலை செய்தன. உட்கார்ந்த இடத்திலேயே படம் முழுதாகக் கிடைத்துவிட்டது. பக்கம் மாறித் தெரிகிறதா என்று லேசாகச் சாய்ந்து பார்த்ததோடு சரி, எழுந்து நகர்ந்து பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

லென்ஸக்கா டாக்டரம்மாவின் பையைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் முழுவதையும் கொட்டியாக வேண்டும். திறக்காவிட்டால் டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நான் பார்த்திருக்கேன் சார்" என்றாள். "முதல் நாள்லேர்ந்து பார்க்கிறேன். எனக்கு அது மட்டும்தான் தெரியுது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாறுகண், ஆபரேஷன், லீவு போடும் கண், பச்சை வட்டம் எல்லாம். தலையை அசைத்துத்தான் தனக்கு ஆழம் தெரியும் என்பதையும், இந்தத் திரைக்கு முன்னால் அசைந்தால் படம் வழுக்கிக்கொண்டு வராமல் நொண்டி நொண்டி வருகிறது என்பதையும் சொன்னாள். ஒரு ப்ரொஜெக்டரின் வெளிச்சம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் அந்த நொண்டல். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா பிரமாதம் பிரமாதம்னு சொன்னது?" என்றான் எறும்பு.

"பொய்தான்."

பேராசிரியர் அவளையே பார்த்தார். "அம்மா, இதுக்கு நான் உங்க மேல கோபப்படணும். படறேன். ஆனா இன்னைக்கு நேரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். "அட, ஆமா" என்றார். அவ்வளவுதான். எறும்பு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் டாக்டரம்மா. மூன்று பேரும் ஒற்றைக் கண்ணோடு, அலையில் சிக்கிய படகு மாதிரி ஆடிக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஒழுங்காகப் படம் வந்தால் மறுபடி வருகிறேன், என்னோடு ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற ஒருத்தருக்கும் இவர் மாதிரிதான் கண், அவரையும் கூட்டிவருகிறேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட பிறகுதான் லென்ஸக்கா மூச்சை விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பு பாதியாகக் குறைந்தது போல இருந்தது அவளுக்கு.

மறுநாளிலிருந்து வேலை தலைகீழானது. இதுவரை கடைசியாகக் கேட்கப்பட்டவள் முதலாவதாகக் கேட்கப்பட்டாள். ப்ரொஜெக்டர்களை எழுபத்திரண்டாகக் கூட்டி நெருக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் கணக்கிட எறும்பு தலையைப் பிய்த்துக்கொண்டான். ஆனால் அது மட்டும் போதாது. தாளும் மாற வேண்டும். அது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொஞ்சமாகப் பரப்பினால் நொண்டல் இருக்கும், அதிகமாகப் பரப்பினால் படம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். இரண்டு ப்ரொஜெக்டருக்கு நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவே பரப்ப வேண்டும், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். பிசினை ஊற்றி, நுண்ணிய கோடுகள் வெட்டிய உருளையை மேலே உருட்டி, காயவைத்து, உரித்து, ஒவ்வொரு தாளாகச் செய்தாள். சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு சிக்கலான பொருள் தேவைப்பட்டது. எறும்பு தன் சைக்கிளின் முன்சக்கரத்தையே கழற்றி ஸ்கேன் செய்து கொடுத்தான். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் சின்னப் பிசகுகூடத் தப்பாது. சக்கரத்தைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டு, ஒரு வாரம் நடந்தே வீட்டுக்குப் போனான்.

பதினாறு தாள்கள் குப்பைக்குப் போயின. ஒன்றில் குமிழி, ஒன்றில் கலங்கல், ஒன்று உரிக்கும்போதே கிழிந்தது. பதினேழாவது நன்றாக வந்தது போல இருந்தது, ஆனால் ஓரத்தில் மட்டும் நொண்டியது. கோடுகளின் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்து அடுத்ததை உருட்டினாள்.

அது ஒரு மதிய நேரம். மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். புதுத் தாளைச் சட்டத்தில் பொருத்திவிட்டு விளக்கை அணைத்தாள். சக்கரம் ஒளிர்ந்தது. வழக்கம்போல் வலது பக்கம் சாய்ந்தாள்.

முன்னால் இருந்த கம்பி, பின்னால் இருந்த கம்பியை வழுக்கிக்கொண்டு கடந்தது. நிற்கவில்லை, துள்ளவில்லை, தண்ணீரில் போவது போலப் போனது. இடது பக்கம் சாய்ந்தாள். மறைந்த கம்பி மெதுவாக எட்டிப் பார்த்தது. ஓரடி எடுத்து வைத்தாள். சக்கரத்தின் நடுக்குடம் முகத்துக்கு நேரே வர, அவள் சட்டென்று பின்வாங்கி மேசையில் இடித்துக்கொண்டாள். இடுப்பு வலித்தது. அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. வாழ்நாளில் ஒரு படத்தைப் பார்த்து அவள் ஒதுங்கியது அதுதான் முதல் தடவை. சினிமா, புகைப்படம், சுவரில் மாட்டிய ஓவியம், எதுவும் அவளுக்கு ஆழம் காட்டியதில்லை. இது காட்டியது. தன் கையால் உருட்டிய தாள் காட்டியது.

யாரையும் கூப்பிடவில்லை. அங்கேயே முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நடந்துகொண்டிருந்தாள். மதியச் சவாரி முடித்துச் சாப்பாட்டு டப்பாவோடு வந்த கணவர், இருட்டில் மனைவி தனியாக ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"இங்க வாங்க. அந்தக் கம்பி எங்க இருக்குன்னு சொல்லுங்க."

அவர் பார்த்துவிட்டு, ஒரு சாண் முன்னால் நிற்கிறது என்றார். எனக்கும் அங்கேதான் நிற்கிறது என்றாள் அவள். அவர் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தார். படியோரம் போய் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கும்படி எறும்பையும் பேராசிரியரையும் பெயர் சொல்லிக் கூவினார். டயர்க் கடைக்காரரும் என்னவோ ஏதோ என்று அவர்களோடு ஓடி வந்தார்.

பேராசிரியர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார், இரண்டு கண்ணால் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், நடந்து பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தவர் டயர்க் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

டாக்டரம்மா அடுத்த வாரமே வந்தார். இந்த முறை கொண்டுவந்தது பழைய ஸ்கேன் இல்லை. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இதயச் சுவரில் ஓட்டை. அதை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் போகிறது. அது ஓட்டைக்கு முன்னால் போகிறதா, பின்னால் வளைகிறதா என்று தட்டைப் படத்தில் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இதயம் திரைக்கு முன்னால் வந்து நின்றது. டாக்டரம்மா குனிந்தார், நிமிர்ந்தார், நாலடி நடந்தார். கூட வந்திருந்த உதவி டாக்டர், லென்ஸக்கா மாதிரிக் கண்ணுள்ளவர், அவரும் தலையை அசைத்து அசைத்துப் பார்த்தார்.

"பின்னால வளையுது" என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள். உதவி டாக்டர் லென்ஸக்காவைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், மத்தவங்க சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இன்னைக்கு நானே சொல்லிட்டேன்."

அவள் பிளாஸ்க்கை எடுத்து, டீ வேண்டுமா என்று கேட்டாள்.

ஆபரேஷன் அன்று ஆய்வகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எறும்புகூட ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பதினோரு மணி வாக்கில் பேராசிரியரின் போன் அடித்தது. குழாய் பார்த்த இடத்தில் பார்த்தபடியே இருந்தது, தேடவே வேண்டியிருக்கவில்லை, ஓட்டையை அடைத்தாயிற்று, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார் டாக்டரம்மா. பேராசிரியர் போனை வைத்துவிட்டு, எல்லாருக்கும் அன்று லீவு என்று அறிவித்தார். ஒருவரும் போகவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்தக் குழந்தையை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். தன் மகளின் இதயத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாளாம். எறும்பு படத்தை ஏற்றினான். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தைக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. இறங்கி ஓடிப்போய், மிதந்துகொண்டிருந்த சிவப்பு உருண்டையை எட்டிப் பிடித்தாள். கை காற்றில் மூடியது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டு வந்து, அம்மாவின் கைப்பைக்குள் எதையோ பத்திரமாகப் போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடினாள்.

"வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

லென்ஸக்கா சிரித்த சிரிப்பில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.