அப்பாவின் நடை

வண்டி வருவதற்குள் கழற்றிவிடலாம் என்று அப்பாவின் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள் மகள். நடையை எண்ணும் பட்டை இல்லை. வலது கையிலும் இல்லை. அப்படியொன்றைக் கட்டியிருந்த தடம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அதிர்ந்தது. 'அப்பா இன்றைய நடையை முடித்துவிட்டார். வாழ்த்துகள்!'

அப்பா விடியற்காலையிலேயே எல்லா நடையையும் முடித்துப் போய்ச் சேர்ந்திருந்தார்.

இதயம் பலவீனம், தினமும் நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னதும் பட்டையை வாங்கிக் கட்டிவிட்டவள் அவள்தான். "உட்கார்ந்தே சம்பாதிச்ச கட்டைம்மா இது, இப்பப் போய் நடன்னா?" என்று முனகினார், காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஆனாலும் நடந்தார். வெளியூர் ஆபீஸில் இருந்தபடி கைப்பேசியில் அவள்தான் தினமும் பார்த்தாளே. நன்றாகத்தான் இருக்கிறார் என்று நம்பி, போன மாதம் வருவதாக இருந்ததைத் தள்ளிப்போட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தட்டை நீட்டியபோது ஸ்வெட்டர் கை மேலேறியது. உள்ளே கறுப்புப் பட்டை.

மகள் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"இது எப்பம்மா உன் கைக்கு வந்துச்சு?"

"நீ ஊருக்குப் போன மறுநாளே. தெருமுனைக்குப் போறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கிடுச்சு. 'நீதான் செக்குமாடு மாதிரி நாள் பூரா சுத்துறியே, நீயே கட்டிக்க'ன்னுட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவே. வேணாம்னாரு." அம்மா அடுத்த தம்ளரை எடுத்தாள். "நீ 'சபாஷ்ப்பா'ன்னு அனுப்புறதை எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. முகத்துல அவ்வளவு பெருமை."

ஓடித்தான் வந்திருப்பாள். வரவிடவில்லையே என்று கோபம் பொங்கியது. செத்தவரோடு யார் சண்டை போட முடியும்? பட்டை சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "ராத்திரியெல்லாம் தூங்காம என்னப்பா பண்றீங்க?" என்று எத்தனை முறை திட்டியிருப்பாள். "உங்கம்மாவைக் கேளு" என்று சிரிப்பார். அவள் கேட்டதே இல்லை.

வண்டி வந்து அப்பாவைக் கொண்டுபோனது. எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அம்மா நேராகப் போய்க் குவிந்திருந்த தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். மகள் நாரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போய்ப் படும்மா."

"இவ்வளவையும் யாரு..."

"நான் பாத்துக்கறேன். படு."

பட்டையைக் கழற்றப்போன அம்மா, என்ன நினைத்தாளோ, அப்படியே அறைக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தங்கை எட்டிப் பார்த்தாள். "உங்கம்மா எங்கேடி? காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படல. கூப்பிடு."

"இருங்க அத்தை."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். 'அப்பா தூங்குகிறார்.'

"எழுப்பாதீங்க," என்றாள். குழாயைச் சன்னமாகத் திறந்து, அடுத்த தம்ளரைச் சத்தம் வராமல் கழுவினாள்.