வேதக்கண் உட்கார்ந்த நாள்

எங்கள் ஊருக்குப் பெண் கேட்டு வானத்திலிருந்து வருவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் அசந்திருக்கும் நேரத்தில் உப்பளத்துப் பக்கம் இறங்கி, காலில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு, வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வருவார்கள். தேவபுத்திரர்கள் என்று பெயர். நல்ல மாதிரியான ஆட்கள். சீர் கேட்கமாட்டார்கள், குடிக்கமாட்டார்கள். என்னைக் கேட்டு வந்தவருக்கு இறக்கையை மடித்து வைத்திருந்த இடத்தில் சட்டை புடைத்துக்கொண்டிருந்தது. என் அப்பா தையற்காரர். வந்தவரைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்துவிட்டு, "கல்யாணச் சட்டைய நானே தச்சுத் தாரேன்" என்றார். அப்படித்தான் சம்மதம் சொன்னார்.

இப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் இராட்சதர்களாக இருப்பார்கள். என் மகன் வேதக்கண் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் காலை நீட்டினான். கால் பக்கத்துத் தெருவில் போய் நின்றது. அந்தத் தெருப் பெண்கள் அதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பி அனுப்பினார்கள்.

வளர வளர மற்ற இராட்சதப் பிள்ளைகளில் சிலர் முரடாகிப்போனார்கள். பசிதான் காரணம். முதலில் ஆடுகளைத் தின்றார்கள், பிறகு ஆட்டுக்காரர்களைத் தின்றார்கள். வேதக்கண் அப்படியில்லை. அவனுக்குப் பழைய சோறு போதும். நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் என் கணவரைப் பிடித்துப்போக மேலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூமியில் பெண்ணெடுத்தவர்கள் எல்லோரையும் பூமிக்கடியில் கட்டிவைக்கச் சொல்லி உத்தரவு. கையைக் கட்டுவதற்கு வசதியாக அவர் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"தெபோராள், மழை வரும். நம்ம பிள்ளைய மாதிரிப் பிள்ளைகள அழிக்கத்தான் வருது" என்றார்.

"எவ்வளவு தண்ணி நிக்கும்?" என்று கேட்டேன்.

"மலை முங்கி, அதுக்கு மேலயும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவர் யோசித்தார். "மலை உச்சியில நின்னா வேதக்கண்ணுக்கு மார் வரைக்கும் வரலாம்."

அதற்கு மேல் பேசவிடாமல் கூட்டிப்போய்விட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆசீர்வாதம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

அண்ணாச்சி தன் தென்னந்தோப்பில் பேழை கட்டிக்கொண்டிருந்தார். வீட்டை விடவும், கோயிலை விடவும் பெரிய மரக்கப்பல். மழைக்குத் தப்ப வேண்டியவர்களையும் மிருகங்களையும் அதில் ஏற்றிக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவாகியிருந்தது. நான் போனபோது பலகைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"எம் பிள்ளைக்கு ஒரு இடம் வேணும், அண்ணாச்சி."

"எல்லாமே ஜோடியாத்தான் ஏறணும், தங்கச்சி. அவனுக்கு ஜோடி இருக்கா?"

"இல்ல."

"இருந்தாலும் கூரை இடிக்கும்." அடுத்த பலகைக்குத் தார் பூசினார். "மழையே அவனுகளுக்காகத்தான வருது. அவனையே ஏத்திக்கிட்டா அப்புறம் மழை எதுக்கு?"

நியாயமான கேள்வி.

"நீ வேணா வா. சமையலுக்கு ஆள் வேணும்" என்றார்.

"நான் எம் மகனோட நிக்கேன்."

"அவன் மலையில நிப்பான். நீ எங்க நிப்ப?"

"அவன் தலையில."

அண்ணாச்சி சரியென்று தலையசைத்து, மிச்சமிருந்த தாரை ஒரு வாளியில் ஊற்றிக் கொடுத்தார். அதைப் பாய்களில் பூசி எனக்கு ஒரு கூடாரம் செய்துகொண்டேன்.

முதல் தூறல் விழுந்ததும் வேதக்கண் மேற்கு மலையில் ஏறி நின்றான். நான் அவன் உச்சந்தலையில் அரிசி மூட்டைகளையும் அடுப்பையும் வைத்துக் கூடாரம் போட்டேன். அவன் தலைமுடிக்குள் மண் நன்றாகப் பிடித்திருந்ததால் ஒரு முருங்கைக் கொம்பையும் ஊன்றினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. என் கணவர் எப்போதும் எதையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லுவார்.

"எம்மா, வாய்க்குள்ள வருது" என்றான் வேதக்கண்.

"வாய மூடிக்கோ. மூக்கால மூச்சு விடு."

சற்று நேரம் கழித்து மூக்கிலிருந்து குமிழி வந்தது.

"குதிகாலத் தூக்குய்யா" என்று கத்தினேன்.

தூக்கினான். தண்ணீர் வடியும் வரை பெருவிரல்களிலேயே நின்றான். அவன் தூங்கிவிடாமல் இருக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டியதும் அகப்பையால் அவன் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தேன். மற்ற தாய்மார்களின் பிள்ளைகள் எங்களைத் தாண்டி மிதந்து போனார்கள். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவனும் திரும்பவில்லை.

மழை நின்று, தண்ணீர் அவன் தோளளவுக்கு இறங்கிய பிறகு ஒரு புறா வந்து, என் முருங்கையில் ஒரு இணுக்கைக் கிள்ளிக்கொண்டு போனது. அது போன திசையிலிருந்து பேழை வந்து வேதக்கண்ணின் இடது தோளில் தட்டி நின்றது. அண்ணாச்சி ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"மலை தட்டுதுன்னு நெனச்சேன்" என்றார்.

"எம் மகன் தோள், அண்ணாச்சி."

"அப்ப எறங்கலாம்."

யானைகள் முதலில் இறங்கின. பிறகு ஆடு மாடுகள், பிறகு அண்ணாச்சியின் மகன்களும் மருமகள்களும். தண்ணீர் வடிய வடிய வேதக்கண்ணின் மார்பு தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, கடைசியில் மலையும் தெரிந்தது. அவன் குதிகாலைத் தரையில் வைத்தான். ஆனால் தோளில் இருந்தவர்கள் போகவில்லை. கீழே சகதியாக இருந்தது, மேலே நல்ல காற்று. காறை எலும்புக் குழியில் தேங்கிய தண்ணீர் குளமாகிவிட்டது. வீடு கட்டினார்கள். பிள்ளை பெற்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, வலது தோளில் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

"எம்மா, உக்காரட்டுமா?" என்று வேதக்கண் கேட்டான். அவன் உட்கார்ந்தால் வீடெல்லாம் சரிந்துவிடும்.

"இருய்யா. கேட்டுட்டு வாரேன்."

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். உலை கொதிக்கிறது என்றார்கள். மாடு சினையாக இருக்கிறது என்றார்கள். அடுத்த அறுவடை முடியட்டும் என்றார்கள். அறுவடை முடிந்ததும் மறுபடி போனேன். மறுபடியும் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியாக அண்ணாச்சியிடம் போனேன். அவருக்கு நன்றாக வயதாகியிருந்தது.

"எறங்க மனசு வர மாட்டேங்குது, தங்கச்சி" என்றார். "கீழ எல்லாரும் செத்துக் கெடந்த எடம்."

"செத்த எடத்துலதான் இனிமே பொழைக்கணும். எம் பிள்ளைக்குக் கால் வலிக்கி."

அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். அவர் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வேதக்கண்ணின் முதுகுத்தண்டு வழியாகக் கணுக் கணுவாக இறங்கினேன். பின்னாலேயே அவர் மருமகள்கள் குழவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அம்மி இல்லாமல் அரைப்பது எப்படி? மறுநாள் அடுத்த வீட்டு அம்மியைத் தூக்கினேன். இடுப்பு விட்டுப்போனது. படுத்திருந்துவிட்டு, எழுந்து, அதற்கடுத்த வீட்டுக்குப் போனேன். சமையல் கீழே வந்ததும் ஆண்கள் வந்தார்கள். ஆண்கள் வந்ததும் மாடுகள் வந்தன. கடைசியாக அண்ணாச்சி, பேழையின் ஒரு பலகையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு, அழுதுகொண்டே இறங்கினார்.

வேதக்கண் உட்கார்ந்தான். காலையில் உட்கார ஆரம்பித்தவன் பொழுது சாயும்போதுதான் உட்கார்ந்து முடித்தான். கடல் கொஞ்சம் விலகி அவனுக்கு இடம் விட்டது. காலை நீட்டி, "அப்பாடா" என்றான். நான் அவன் பெருவிரலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"எம்மா, எங்காளுகள்ல நான் ஒருத்தன்தான் மிச்சமா?"

"ஆமாய்யா."

அவன் கடலில் கையை விட்டு அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டான். பிறகு சோறு கேட்டான்.

சில காலம் கழித்து, நாட்டை வேவு பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வழியில் அறுத்த ஒரு திராட்சைக் குலையைக் கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். அவர்களில் மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்த நாட்ட மேலருந்து எங்களுக்குத் தந்தாச்சும்மா. இங்க இருக்கவங்க காலி பண்ணணும். யாரு குடியிருக்கா?"

"எம் மகன்" என்று மேலே காட்டினேன்.

அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க எல்லோரும் சிறுத்துச் சிறுத்து வெட்டுக்கிளிகள் ஆனார்கள். கம்பு குலையோடு கீழே விழுந்தது. கோழிகள் ஓடிவந்தன. நான் அவற்றை விரட்டிவிட்டு, அவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி முறத்தில் விட்டேன். மூத்தவர் முறத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க போய்த் தகவல் சொல்லணும். சேனை பின்னால வருது" என்றார்.

"எத்தன பேரு?"

"கடற்கரை மணலு மாதிரி."

"வரட்டும். அவங்களும் அண்ணாந்துதான பாக்கணும்" என்றேன். கோழிகளைக் கூட்டில் அடைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், இன்னும் நாலு பாத்தி அரைக்கீரை விதைத்தேன்.