காஸின் வாளிக் குச்சி

"எந்த பல்பு போடட்டும், லோர்னா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவன் வந்தால், அவன் ஏற்கெனவே பல்பை வாங்கிவிட்டான் என்று அர்த்தம். யோசனை கேட்க வரவில்லை, நான் தலையாட்ட வேண்டும் என்று வந்திருக்கிறான். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் பவளம் வளர்க்கிறவர்களின் சங்கம் எங்களுடையது; அதில் இது எழுதாத சட்டம். பகலெல்லாம் பல் மருத்துவரிடம் அடுத்தவர் வாயில் பற்காரை சுரண்டுகிற வேலை எனக்கு. ஈறெல்லாம் ரத்தம் வழிய, "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேங்க" என்று பொய் சொல்கிறவர்களைச் சகித்துக்கொள்வேன். இந்த ஆம்பளைகளைத்தான் சகிக்க முடியாது.

பவளம் வெளிச்சத்தைத் தின்று வளர்கிற பிராணி. அதற்குச் சோறு போடுவது பல்பு, பல்புக்குச் சோறு போடுவது சோக். டியூப்லைட்டுக்கு இருக்கிற சோக்கேதான்; எங்கள் மெட்டல் ஹாலைடு பல்புக்கு வருவது செங்கல் கனத்தில் இருக்கும், உர்ரென்று உறுமும். ஒரே பல்பைச் சின்ன சோக்கில் மாட்டினால் நீலமாக எரியும், பெரிய சோக்கில் மாட்டினால் வெள்ளையாகக் கொதிக்கும். ஆகவே சோக்கைத் தீர்மானித்துவிட்டுத்தான் பல்பைத் தேட வேண்டும். எங்கள் ஆட்கள் இன்டர்நெட்டில் எவனோ போட்ட படத்தைப் பார்த்து பல்பு வாங்குவார்கள், அதற்குத் தோதில்லாத சோக்கை மாட்டுவார்கள், கடைசியில் தண்ணீரைக் குறை சொல்வார்கள்.

சங்கத் தலைவன் டுவைட் இந்தக் கூட்டத்துக்கே ராஜா. க்ளீவ்லாண்டுக்கு வெளியே ஹாட் டப், அதாவது வெந்நீர்க் குளியல் தொட்டி, விற்கிறான். வீட்டின் நிலவறையில் அவன் வைத்திருக்கும் தொட்டியில் ஒரு குடும்பமே குளிக்கலாம். கூட்டத்தின் மறுகோடியில் காஸிமிர். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற கிழவன், எல்லோருக்கும் காஸ். ஹார்டுவேர் கடையில் விற்கிற நாலு டியூப்லைட்டைச் சங்கிலியில் கட்டி, தண்ணீரில் முட்டுகிற மாதிரி தொங்கவிட்டிருப்பான். அதற்குக் கீழே மண் நிறத்தில் ஒரு குச்சிப் பவளம். பவளத்தில் துண்டு வெட்டிக் கைமாற்றுகிற சங்கச் சந்தை முடிந்து கொட்டப்போன வாளித் தண்ணீரில் பொறுக்கினானாம். கூட்டத்துக்குக் கூட்டம் அதன் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவான். "வாளிக் குச்சி" என்று அதற்குப் பெயர் வைத்தவள் நான்தான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காஸும் சிரித்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வளர்த்துப் பேர் வாங்கிய பவளமோ, அதற்கு அவர் பெயர். துண்டு கை மாறி எந்த ஊருக்குப் போனாலும் பெயரும் கூடவே போகும். என்னுடையது லோர்னா ஊதா. கரு ஊதாக் கிளை, பச்சைக் கண்கள், ஒவ்வொரு கிளையும் நுனிக்குக் கொஞ்சம் கீழே முழங்கை மாதிரி மடங்கும். சுண்டுவிரல் துண்டிலிருந்து நான் வளர்த்தது. இன்னொரு வழக்கமும் உண்டு: நல்ல பவளத்தை நாலு பேருக்குக் கொடுத்து வை, உன் தொட்டி செத்தால் அவர்களிடமிருந்து உனக்கே திரும்பி வரும். நான் நாலு பேருக்குக் கொடுக்கவில்லை. குரங்கு கையில் பூமாலையை நாலு தடவை கொடுப்பானேன்? டுவைட் ஒருவனுக்குத்தான், அதுவும் சங்கத்தின் சந்தையில், வெட்டிக் கொடுத்தேன். அவனிடம் ஜெனரேட்டர் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் நாட்டின் வடகிழக்கு முழுக்க மின்சாரம் போனது. பம்ப் நின்றது. ராத்திரி முழுக்க ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். விடிந்தபோது தொட்டியில் எல்லாம் செத்து, நிலவறையில் அழுகல் நாற்றம். பக்கத்து வீட்டுக்காரி ஐஸ்கிரீம் உருகிப்போனதற்கு என்னிடம் வந்து அழுதாள். நான் அழக்கூட இல்லை.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, சோக்கையும் பல்பையும் துடைத்துவிட்டு டுவைட்டிடம் போனேன். உலகத்தில் லோர்னா ஊதா இனி அவன் தொட்டியில் மட்டும்தான்.

"குடுக்காம எங்க போறேன்?" என்றான். "அக்டோபர்ல சங்கம் தொட்டி பாக்க வீடு வீடா சுத்தும்ல, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் வெட்டித் தர்றேன். நல்லா இருக்கும்."

"எனக்கு நல்லா இருக்க வேணாம். இப்பவே ஒரு துண்டு குடு."

"அவசரப்படாத லோர்னா. இங்க பாரு, புது விளக்கு!"

மேசை மேல் அட்டைப் பெட்டிகள். பழைய சோக்கைவிட இரண்டு மடங்கு பெரியது, புது பல்புகள்.

"பழைய பல்பு எத்தனை நாளா எரியுது?"

"ஒன்றரை வருஷம்."

"அப்ப அது மங்கிப்போயிருக்கும். உன் பவளமெல்லாம் அந்த மங்கலுக்குப் பழகியிருக்கும். திடீர்னு இதை மாட்டினா வெந்துடும்யா. சல்லடை வலை போட்டு, கொஞ்ச கொஞ்ச நேரமா எரியவிடு."

"வலையா? சுத்திப் பாக்க வர்றவங்க வலையைப் பாக்கவா வர்றாங்க?"

விளக்குக் கூட்டின் கண்ணாடி சுவரோரம் சாத்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "இதை ஏன் கழட்டின?"

"பத்து சதவீதம் வெளிச்சத்தை அது முழுங்குதுல்ல!"

"அது முழுங்குறது புற ஊதாக் கதிர், டுவைட். அது இல்லன்னா பவளமும் கருகும், உன் மூஞ்சியும் கருகும்."

"பல்லு தேய்க்கிறவ எனக்கு கரென்ட்டு பாடம் எடுக்கறா பாரு," என்று தன் நாயைப் பார்த்துச் சொன்னான். நாய் என்னைப் பார்த்தது. அந்த வீட்டில் அதற்குத்தான் கொஞ்சம் அறிவு இருப்பதாகப் பட்டது.

கெஞ்சினேன். என் வாழ்நாளில் ஒரு ஹாட் டப் வியாபாரியிடம் கெஞ்சுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் கொடுக்கவில்லை. கை தட்ட ஆள் இல்லாமல் அவனால் ஒரு கத்திரிக்கோலைக்கூடத் திறக்க முடியாது.

அக்டோபர் சனிக்கிழமை, காலையிலிருந்து மழை. டுவைட் வீட்டு நிலவறையில் சங்கமே நின்றது. படியில் கால் வைத்ததும் கண் கூசியது. தொட்டி முழுக்க வெள்ளை. என் ஊதாவும் வெள்ளை. கிளைகளில் தோல் உரிந்து நூல் நூலாகத் தொங்கியது.

"வெளுத்துப்போச்சே," என்றார் யாரோ ஒரு நல்ல மனிதர்.

"வெளுப்பு இல்ல சார், பேஸ்டல், இளநிறம்!" என்றான் டுவைட். "கலிஃபோர்னியாவுல இந்த நிறத்துக்குத்தான் அடிச்சுக்கறாங்க."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே செத்த எலும்பில் பேஸ்டல் வடிந்தது, ஒரு கூட்டமே அண்ணாந்து பார்த்து ஆஹா என்றது. இரண்டு பேர் பல்பின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். டுவைட் ஒரு கிளையை வெட்டி, தண்ணீர்ப் பையில் போட்டு, சின்னச் சொற்பொழிவுடன் என் கையில் கொடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன். அவன் எதிரில் அழுவதைவிடச் செத்துப்போகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே வைத்திருந்த பியரோகிக் கொழுக்கட்டை ஒன்றை விழுங்கினேன்.

பட்டியலில் கடைசி வீடு காஸ் வீடு. அங்கே எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் போவார்கள், அதுவும் அவன் மனைவி சுடும் பாப்பி விதை ரொட்டிக்காக. நானும் போனேன். வீட்டுக்குப் போனால் வெறும் தொட்டிதானே என்னை வரவேற்கும்.

மற்றவர்கள் மேலே ரொட்டியிடம் போய்விட்டார்கள். காஸ் என்னைக் கீழே கூட்டிப்போனான். "வாம்மா. உன் வாளிக் குச்சியப் பாரு, எப்படி வளந்திருக்குன்னு."

பார்த்தேன். சேற்றில் நட்ட விளக்குமாறு மாதிரி ஒரு புதர். பார்த்துவிட்டுத் திரும்பப் போனவள் நின்றேன். ஒவ்வொரு கிளையும் நுனிக்குக் கொஞ்சம் கீழே முழங்கை மடக்கியிருந்தது. இத்தனை நாளும் அவன் சட்டைப்பையில் கசங்கிய போட்டோவைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே வந்து பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து என்று இருந்துவிட்டேன்.

"காஸ், அது யாரோட வாளி?"

"உன்னோடதுதான். சந்தை முடிஞ்சதும் 'இந்தாய்யா, இதைக் கொண்டுபோய்க் கொட்டு'ன்னு என் கையில குடுத்தியே. அடியில ஒரு நுனி கெடந்துச்சு."

"உங்கிட்ட நீல டியூப் இருக்கா?"

"குலுக்கல்ல விழுந்தது ஒண்ணு இருக்கு. மாட்டினா சாராயக்கடை மாதிரி இருக்குன்னு வீட்டுக்காரி திட்டுறா."

மாட்டச் சொன்னேன். மற்ற மூன்றையும் அணைத்தேன். மண் நிறம் போய்விட்டது. குச்சி முழுக்கப் பச்சைக் கண்கள் திறந்து பார்த்தன. என் பவளம். மங்கிய வெள்ளை வெளிச்சத்தில் இது மண்ணாகத்தான் இருக்கும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தவளே நான்தான். அங்கேயே அழுதுவிட்டேன், காஸ் எதிரில்.

"காஸ், எனக்கு ஒரு துண்டு வேணும்."

அவன் அவசரப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இத்தனை நாளா சிரிச்சியே."

"சிரிச்சேன்."

"எனக்கு பல்பு நிறத்தோட கெல்வின் கணக்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. கண்ணு சரியாத் தெரியலன்னு லைட்டுக்குப் பக்கத்துல வச்சேன். அவ்ளோதான். ஆனா செத்துப்போவாம பாத்துக்கிட்டேன். துண்டு தர்றேன். பேரை மட்டும் மாத்தக்கூடாது. நீ யாருக்குக் குடுத்தாலும் 'காஸோட வாளிக் குச்சி'ன்னு சொல்லித்தான் குடுக்கணும்."

"யோவ், இது லோர்னா ஊதா! என்னோடது!"

"உன்னோடத நீ கொட்டச் சொன்ன. நான் கொட்டல. இப்ப யாரோடது?"

கிழவன் சிரித்தான். அது நல்ல சிரிப்பு அல்ல. எத்தனையோ கூட்டங்களாகச் சேர்த்து வைத்த சிரிப்பு.

அன்று சாயங்காலத்துக்குள், டுவைட் வீட்டில் கண்ணாடி கழற்றிய விளக்கின் கீழே அண்ணாந்து பார்த்தவர்களின் மூஞ்சியெல்லாம் சிவந்துவிட்டது. கண்ணில் மணல் போட்ட மாதிரி அரித்தது, எனக்கும்தான். மறுநாள் தேவாலயத்தில் சங்கத்து ஆட்களைத் தக்காளிப் பழம் மாதிரி வரிசையில் அடையாளம் காண முடிந்தது. "நேத்து நல்ல வெயில்," என்று டுவைட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். நேற்று முழுக்க மழை.

மங்கலில் வளர்ந்த துண்டை என் விளக்கின் கீழே வைத்தால் டுவைட் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். ஆகவே இந்த ஊரில் சோக்கையும் பல்பையும் பற்றித் தெரிந்த ஒரே ஆளான நான் ஹார்டுவேர் கடைக்குப் போய் நாலு டியூப்லைட் வாங்கினேன். தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏற்றினேன். குளிர்காலம் முழுக்க என் நிலவறையில் மண் நிறக் குச்சிதான். பிறகு நல்ல விளக்கு, வலை போட்டு; பிறகு வலை இல்லாமல். அடுத்த அக்டோபர் சுற்றில் சங்கம் என் வீட்டுக்கு வந்தபோது அது கரு ஊதாவாக நின்றது.

"அடேங்கப்பா! லோர்னா ஊதா!" என்று டுவைட் கத்தினான். "திரும்ப வந்துடுச்சா? எங்கிட்டருந்து வாங்கிட்டுப் போனதுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காஸ் அங்கே இல்லை. மூட்டு வலியால் அந்த வருடம் வரவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் எனக்கு. காஸைப் பற்றி என் எண்ணம் இன்றும் மாறவில்லை: அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் கொட்டவில்லை.

"இது லோர்னா ஊதா இல்ல," என்றேன். "காஸோட வாளிக் குச்சி."

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பிறகு நிலவறையே சிரித்தது. பெயர் வைத்த அன்று சிரித்த அதே சிரிப்பு.

"யாருக்குத் துண்டு வேணும்?" என்று கேட்டேன்.

அத்தனை முட்டாள்களும் கை தூக்கினார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன், ஒவ்வொரு பையிலும் பெயரை எழுதி.