தொண்ணூற்றேழு மார்க்

மரபணுவைப் பார்க்க என் எச்சிலைச் சோதித்தபோது இயந்திரம் மூன்று முறை மூச்சுத் திணறி நின்றுபோனது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள் இதை மறுக்கவில்லை. நான் அவளிடம் கேட்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய உச்சபட்ச மார்க் முப்பத்தாறு. அதையே வாத்தியார் நம்பாமல் திரும்பக் கூட்டிப் பார்த்தார். பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்விட்டேன். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வயதில் தொண்ணூற்றேழு.

"நூறு பேரை நிக்க வச்சா, தொண்ணூத்தேழு பேரை விட உங்களுக்கு மாரடைப்பு வர்ற பரம்பரை வாய்ப்பு அதிகம்ப்பா" என்றாள் மகள்.

"நம்ம வம்சத்துல இவ்வளவு வாங்கினது யாரு?"

"இந்த மார்க்குக்குப் பரிசு ஆம்புலன்ஸ்."

அவள் சிரிக்கவில்லை. என் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அண்ணனும் அப்படியே. மூன்றாவதாக நான் உட்கார்ந்துவிடக் கூடாது என்று மருத்துவரிடம் இழுத்துப் போய், மாத்திரையும் எழுதி வாங்கிவிட்டாள்.

கீழ்வீட்டில் இருக்கும் என் மைத்துனர் படித்த காலமெல்லாம் முதல் ரேங்க். அவரும் சோதித்துக்கொண்டார். நாற்பத்திரண்டு. முகம் சுண்டிப்போயிற்று.

"ஏம்மா, இதுக்கு மறுகூட்டல் கிடையாதா?"

"மாமா, கம்மியா இருந்தா நல்லதுதான்."

"ஆறுதல் சொல்லாத. மச்சான் மொட்டைமாடி வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டாரு."

உண்மைதான். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவரிடமும் சொன்னேன். அவர் கைகொடுத்தார்.

மாத்திரை அட்டை மட்டும் பிரிக்காமலே கிடந்தது. ஒரு காலையில் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா போடல?"

மறைத்துப் பயனில்லை. "போட்டா மார்க் குறைஞ்சிடும்ல?"

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை.

"அப்பா, அந்த மார்க் நீங்க பொறக்கும்போதே போட்டாச்சு. மாத்திரை போட்டாலும் நடந்தாலும் அது மாறாது. நெஞ்சுவலி வர்ற வாய்ப்புதான் குறையும்."

"அப்ப ரேங்க் அப்படியே இருக்கும்?"

"இருக்கும். நீங்களும் இருப்பீங்க."

அட்டையைப் பிரித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. "நானும் பார்த்துக்கிட்டேன்ப்பா. எண்பத்தொண்ணு."

பரவாயில்லையே, அப்பனைப் போலப் பிள்ளை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். அதோடு மாத்திரையும் இறங்கியது.

"காலைல எத்தனை மணிக்கு நடக்கப் போற? நானும் வரேன்."

இப்போது அப்பாவும் மகளும் தினமும் படியில்தான் ஏறுகிறோம். ஆயுள் முழுக்க நான் ஓடவைத்த லிஃப்ட் பக்கத்திலேயே ஏங்கிக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரும் மைத்துனர் அதில் ஏறிப் பொத்தானை அழுத்துவதற்குள் நாங்கள் எட்டாம் மாடிக்குப் போய், குளித்து, தலை துவட்டி, கதவருகே நின்று அவரை வரவேற்கிறோம். மகளுக்கு அப்போது மூச்சு கொஞ்சம் வாங்கும். எனக்கு வாங்குவதில்லை. தொண்ணூற்றேழு வாங்கியவன் வேறு எதையும் வாங்குவதில்லை.

நேற்று மைத்துனர் லிஃப்டைத் தாண்டி வந்து, எங்களுக்குப் பின்னால் படியில் கால் வைத்தார்.